சால்வை வேண்டாம் என்றவளுக்கு

காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகச் சால்வைக் கட்டைப் பிரித்தேன். புதுச் சரிகைக்கும் கஞ்சிக்கும் சேர்ந்து மூக்கை லேசாக உறுத்துகிற ஒரு வாசனை உண்டு. அது கடை முழுக்கப் பரவியது. நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் இந்த வருட விழாவுக்காகக் கேட்டிருந்த சால்வைகள். மேலே இருந்ததை உதறி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். இதே மாதிரி ஒன்றைத்தான், நானே கடையிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்து வந்ததைத்தான், அத்தனை பேர் முன்னால் நீ வேண்டாம் என்றாய்.

"என்ன, கையில வச்சுக்கிட்டு நின்னுட்ட?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அவ நெனப்பு வந்துருச்சு."

எவள் என்று அவர் கேட்கவில்லை. கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மீதியை அவரே மடித்தார்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் உன் படத்தைத் திறக்கிறார்கள். உன்னைப் பற்றி நான் பேச வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். அதற்காக உட்கார்ந்து யோசிக்கும்போதெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. உன்னோடு பேச வேண்டியதுதான் வருகிறது. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன்.

நம் பள்ளிக்கூடம் உனக்கு எப்படி ஞாபகம் இருந்தது என்று நான் கேட்டதில்லை. எனக்கு முதலில் ஞாபகம் வருவது வகுப்பறை இல்லை, எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்த அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கென்று இருந்த கழிப்பறையில் கூரை பாதி இடிந்து, கதவில் பூட்டுத் தொங்கியது. காலையில் வீட்டில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். அதற்காகவே நாமெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். எங்கள் வீடு பள்ளிக்குப் பின்தெருவில் இருந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத நீ, மதிய மணி அடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"ஏ புள்ள, உங்க வீடு பக்கந்தானே? நானும் வரட்டா?"

அப்படித்தான் நமக்குச் சிநேகிதம் ஆனது. உன் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். அப்புறம் மதியம் ஆனால் ஒரு வரிசையே வரும். அத்தா முதலில் முகம் சுளித்தார். அம்மாதான், "பொட்டப்பிள்ளைக வேற எங்க போகும்?" என்று சொல்லி, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை மதியத்தில் போடாமல் விட்டாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீரும் வைத்தாள். "வாளிய மட்டும் நெறச்சு வச்சுட்டுப் போங்கம்மா" என்பாள். அந்தப் பானையில்தான் நம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அன்றைய முதல் வாய்த் தண்ணீரைக் குடித்தார்கள்.

பள்ளிக்கு மறுபக்கம் இருந்தவர்கள் அவ்வளவு தூரம் வர முடியாது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் அவர்களில் பலர் நின்றுவிட்டார்கள். சடங்காகிவிட்டது, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றெல்லாம் நாம் பேசிக்கொண்டோம். ஏன் நின்றாய் என்று அவர்கள் வீட்டுக்குப் போய் யாரும் கேட்கவில்லை.

நீ படிப்பில் முதல் பிள்ளை இல்லை. கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறினாய். உன் அப்பா பட்டாசுக் கம்பெனி குடோனில் லோடுமேன். அம்மா வீட்டிலிருந்தே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். ஆனால் உன் வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டால் யாரும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட மாட்டார்கள். நீ ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவாய். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஷாக் அடிக்காமப் படி" என்று மட்டும் சொன்னதாக வந்து சொல்லிச் சிரித்தாய்.

எனக்குக் கல்யாணமாகி விருதுநகர் கடைவீதிக்கு வந்துவிட்டேன். நீ ரயில்வே பரீட்சை எழுதித் தோற்றாய். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் சீசன் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதினாய். மறுபடியும் தோற்றாய். அந்தச் சமயத்தில் ஒருநாள் கடைக்கு வந்தவளின் விரலெல்லாம் நீல மை. "இனிமே எழுத மாட்டேன்" என்றாய். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அந்த ரீசனிங் பேப்பர்லதான் போயிருது. அதை மட்டும் யாராவது சொல்லிக் குடுத்தா..." என்று நீயே ஆரம்பித்தாய்.

மூன்றாம் முறை தேறினாய். முதலில் உதவி ஓட்டுநர். வருடங்கள் கழித்து, தூத்துக்குடிக்குப் போகிற சரக்கு வண்டியை உன் பொறுப்பில் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு பயணிகள் வண்டி. செங்கோட்டை லைனில் உனக்கு டியூட்டி விழுந்த அன்று, நம் பள்ளிக்கூடத்துப் பக்கத்து ரயில்வே கேட்டில் நீ ஹாரன் அடித்ததைக் கேட்டு என் அம்மா கொல்லையில் நின்று கையை ஆட்டினாளாம். போனில் உன்னிடம் சொன்னேன். "கேட்டு வந்தா ஹாரன் அடிக்கணும்டி, அது ரூலு" என்றாய். குரல் வேறு மாதிரி இருந்தது.

சங்கம் ஆரம்பித்தபோது கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். தலைவர் அண்ணாச்சி, நமக்கு இருபது வருடம் முந்திய மாணவர். உன் அப்பா லோடு ஏற்றிய கம்பெனி அவருடையதுதான். நல்ல மனிதர். வருடா வருடம் நம் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்னால் மரியாதை செய்ய வேண்டும் என்பது அவருடைய யோசனை. டாக்டர், ஆடிட்டர், சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்தவர் என்று வந்துகொண்டிருந்தார்கள். நான் உன் பெயரைச் சொன்னபோது ஒருவர், "ரயில் ஓட்டுற பிள்ளையா?" என்று இழுத்தார். அண்ணாச்சி கையமர்த்தினார்.

"நம்ம லோடுமேன் மகதானே? கூப்பிடுங்க. பொம்பளப்பிள்ளைகளுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

உன்னைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"எனக்கு எதுக்குடி? நான் எடுத்த மார்க்கு ஒனக்குத் தெரியாதா?"

"மார்க்குக்காக இல்ல. பிள்ளைக ஒன்னையப் பாக்கணும்."

"சரி, பாக்கட்டும். ஆனா என்னையப் பத்தி நல்லதா மட்டும் சொல்லிராத. கேக்குற பிள்ளைக்கு, இவ வேற மாதிரி ஆளு, நம்ம மாதிரி இல்லன்னு ஆயிரும்."

விழா அன்று வாசலில் உன் படத்தைப் போட்டு, சாதனைச் சிகரமே வருக என்று பேனர் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்று தலையை அண்ணாந்து பார்த்தாய். "சிகரமாம்ல" என்றாய் என் காதில். உன்னோடு மரியாதை செய்யப்பட்டவர் அமெரிக்காவிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பொறியாளர். அவர் அழகாகப் பேசினார். கனவு காணுங்கள், வறுமை தடையே இல்லை என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து அண்ணாச்சி எழுந்து, பள்ளி வாசலில் கல்லால் ஒரு ஆர்ச் கட்டப்போவதாகவும், மரியாதை பெற்ற எல்லோருடைய பெயரையும் அதில் தங்க எழுத்தில் பொறிக்கப்போவதாகவும் அறிவித்தார். அதற்கும் கைதட்டு.

பிறகு நீ பேசினாய். கொஞ்சம்தான் பேசினாய். ரெண்டு தடவை தோற்றதைச் சொன்னாய். மல்லாங்கிணறு பக்கத்து ஆட்டுக்காரரைப் பற்றியும் சொன்னாய். அதை எனக்கு முன்பே சொல்லியிருந்தாய். வளைவில் திரும்பியதும் தண்டவாளத்தில் ஆட்டு மந்தை. ஹாரன் அடிக்கிறாய், பிரேக் போடுகிறாய். அவ்வளவு பெரிய வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. நின்ற பிறகு இறங்கிப் பார்த்தால், தலையில் கை வைத்துக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனாய். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீ ஹாரன் அடிச்சம்மா. நான்தான் கண்ணசந்துட்டேன்" என்றார்.

"அன்னைக்கு எஞ்சினுக்குள்ள போயி அழுதேன்" என்று மைக்கில் சொன்னாய். "மறுநா டியூட்டிக்குப் போகப் பயமா இருந்துச்சு. போனேன். பயம் போயிருச்சான்னு கேட்டா, போகல. பயத்தோடதான் ஓட்டுறேன். அதுனாலதான் கவனமா ஓட்டுறேன்."

இதற்கு யாரும் கைதட்டவில்லை. பிள்ளைகள் அசையாமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை, யாராவது கேள்வி கேட்பதென்றால் கேட்கலாம் என்றார். அமெரிக்காவுக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். அப்புறம் பின்வரிசையிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை. மாரீஸ்வரி.

"அக்கா, எஞ்சின்ல பாத்ரூம் இருக்குமா?"

பையன்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. ஒரு டீச்சர், "இதான் கேக்குற கேள்வியா? உக்காரு" என்று அதட்டினார். பிள்ளை உட்காரப் போனாள்.

"இருங்க டீச்சர்" என்றாய் நீ. "இல்லம்மா. நான் ஓட்டுன வண்டிகள்ல இல்ல. டியூட்டிக்கு ஏறுறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கிறதைக் கொறச்சுக்கிடுவோம். மாசத்துல அந்த நாள் வந்தா ரொம்பச் சிரமம். வேணும்னு நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினாய். "நீ ஏன் கேட்ட?"

வேறு யாராக இருந்தாலும் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். நீ திருப்பிக் கேட்டாய். அந்தப் பிள்ளை டீச்சரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"நாங்களும் காலைலருந்து தண்ணி குடிக்கிறதில்லக்கா. இங்கன இருக்கிறதுல தண்ணி வராது. கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. அதான், பெரிய வேலைக்குப் போனாலாவது இருக்குமான்னு கேட்டேன்."

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நாம் படித்து முடித்து எத்தனை வருடங்கள். புதிதாகக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டுச் சும்மா இருந்துவிட்டோம். தண்ணீர் வருகிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அண்ணாச்சி, சூழ்நிலையை மாற்றலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சால்வையை எடுத்துக்கொண்டு உன் பக்கம் வந்தார். நீ கும்பிட்டாய். கழுத்தை நீட்டவில்லை.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. எனக்குச் சால்வை வேண்டாம். என் பேரு ஆர்ச்சுலயும் வேண்டாம். அந்தக் கல்லு வாங்குற துட்டுல இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணி வர்ற மாதிரி நாலு கக்கூஸ் கட்டிக் குடுங்க."

விரித்த சால்வையோடு அவர் அப்படியே நின்றார். காது ரெண்டும் சிவந்திருந்தது. மெதுவாக அதை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். நன்றியுரை அவசர அவசரமாக முடிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் உன் பக்கத்து இலைகளில் யாரும் உட்காரவில்லை. நான் வந்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி கிளம்பும்போது என்னிடம் மட்டும், "அந்தப் பிள்ளை பேசுனது சரி. பேசுன எடம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை உன்னிடம் சொன்னேன்.

"சரியான எடத்துல பேசியிருந்தா கேட்டிருப்பாகளா?" என்றாய். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "நாங்க வண்டியில போகும்போது ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லணும்டி. பச்சைன்னா பச்சை. எனக்கும் தெரியுது, பக்கத்துல இருக்கிறவருக்கும் தெரியுது. ஆனாலும் சொல்லணும். ரெண்டு பேரும் பாத்துட்டுச் சும்மா இருந்தா, பாக்காத மாதிரிதான். அந்தப் பழக்கம், வாயில வந்துருச்சு."

அன்றைக்கு நீ வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்பும்போது சந்தோஷமாகப் போகவில்லை. அண்ணாச்சியை அவமானப்படுத்திவிட்டோமே என்ற வருத்தம் இருந்தது. அதைவிட உன் அப்பாவை நினைத்துப் பயந்தாய். நீ பயந்தபடியே ஆனது. உன் அம்மா போன பிறகு ஊரில் தனியாக இருந்த அவர், மறுவாரமே துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, பஸ் பிடித்துக் கம்பெனி ஆபீசுக்குப் போய் அண்ணாச்சி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மகள் தெரியாமல் பேசிவிட்டாள், மன்னிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கேள்விப்பட்டு நீ கொதித்துப் போய் லீவு போட்டு வந்தாய். அதற்குள் அண்ணாச்சியே, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ரெண்டு பேரும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் உட்காராமலே சொன்னாய்:

"அண்ணாச்சி, தப்புன்னா என்னையத் திட்டுங்க. எங்கப்பாவை எதுக்கு நிக்க வச்சீக?"

"நான் எங்கம்மா நிக்க வச்சேன்? உக்காருங்கன்னு எம்புட்டோ சொன்னேன். அவரு உக்காரல. இந்த ரூமுக்குள்ள அவரு உக்காந்து பழக்கமில்ல." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அது என் தப்புத்தான். நீ உக்காரு."

நாம் உட்கார்ந்தோம். காப்பி வந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி உண்டு. மதுரையில இருக்கா. நம்ம பள்ளிக்கூடந்தான். எங்க எல்லாரையும் விட அவதான் நல்லாப் படிப்பா. எட்டாப்போட நின்னுட்டா. விழா முடிஞ்ச அன்னைக்கு வீட்டுக்குப் போயி அவளுக்குப் போன் போட்டேன். ஏம்மா, நீ ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன்னு கேட்டேன். சிரிச்சா. பேரன் பேத்தி எடுத்தாச்சு, இப்பத்தான் ஒனக்குக் கேக்கத் தோணுச்சாண்ணேன்னா. அன்னைக்கு அந்தப் பிள்ளை எந்திரிச்சுச் சொல்லுச்சே, அதே காரணந்தான்."

நீ காப்பியைக் கையிலேயே வைத்திருந்தாய்.

"ஆர்ச்சு வேலையை நிப்பாட்டியாச்சு" என்றார். "நீ கேட்டதைக் கட்டிருவோம். ஆனா அதுல யாரு பேரைம்மா போட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கும் வந்தது. அவரும் சிரித்தார்.

"யாரு பேரும் வேண்டாம் அண்ணாச்சி. தண்ணி வந்தாப் போதும். சுத்தம் பண்ண ஒரு ஆளு நெரந்தரமா வேணும். இல்லன்னா அடுத்த வருசம் அதுலயும் பூட்டுத் தொங்கும்."

கட்டினார்கள். போர்வெல் போட்டு, மேலே தொட்டி வைத்து, ஆளும் போட்டார்கள். திறப்பு விழா வைக்கவில்லை. ஒருநாள் காலையில் கதவுகள் திறந்திருந்தன, பிள்ளைகள் போனார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து சங்கமும் கொஞ்சம் மாறியது. வருகிறவர்கள் பேசிவிட்டுப் போவதோடு சரி என்று இல்லாமல், பிள்ளைகளோடு வகுப்பில் ஒரு மதியம் உட்கார வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். சிலர் அதற்காகவே வரவில்லை. வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

நீ ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வந்தாய். மேடை கிடையாது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாய். மாரீஸ்வரிக்கு உன்னிடம் கேட்க எப்போதும் ஏதாவது இருக்கும். அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தது உன்னைப் பார்த்துத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "அவ என்னையப் பாத்துச் சேரல. நான் தோத்ததைக் கேட்டுச் சேந்தா" என்றாய்.

அப்புறம் அந்த வயிற்று வலி. அல்சர் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினாய். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டியபோது, முற்றிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் நான் இருந்த நாட்களில் நாம் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. உன் அப்பாவுக்கு யார் சமைக்கிறார்கள் என்று கேட்பாய். என் அம்மா உனக்காகத் துவாச் செய்து வேண்டிக்கொள்வதைச் சொன்னால், "உங்கம்மாவை மொதல்ல முட்டு வலிக்கு மருந்து போடச் சொல்லு" என்பாய். ஒருநாள் மட்டும், "படம் கிடம் திறப்பீக. தெரியும் எனக்கு" என்று ஆரம்பித்தாய். "யூனிபார்ம் போட்டதை வைக்காதீக. அதுல எவனையோ அடிக்கப் போற மாதிரி இருக்கேன். உங்க கடையில எடுத்தோம்ல, பல்லு தெரியிற மாதிரி, அதை வை."

ஐப்பசி மழையில் உன்னை ஊருக்குக் கொண்டுவந்தோம். உன்னோடு வேலை பார்த்தவர்கள் சீருடையிலேயே வந்திருந்தார்கள். அண்ணாச்சி கடைசி வரை குடையில்லாமல் நின்றார். உன் அப்பாவுக்கு அவர்தான் நாற்காலி எடுத்துப் போட்டார். உன் அப்பா உட்கார்ந்தார்.

பல்லுத் தெரிகிற படத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். சங்கத்தில் முகம் சுளித்தார்கள். நான் விடவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மாரீஸ்வரி படிப்பை முடித்துவிட்டாள். ரயில்வே பரீட்சை ஒரு தடவை எழுதித் தோற்றுவிட்டாள். மறுபடி விண்ணப்பித்திருந்தாள். நாலு நாளைக்கு முன்னால் கடைக்கு வந்து, ஓரமாக நின்றாள். கூட்டம் குறைந்ததும், "அக்கா, நான் இந்தத் தடவை எழுதல" என்றாள்.

எனக்கு உடனே அறிவுரை சொல்லத்தான் வாய் வந்தது. உன்னைப் பற்றிச் சொல்லி, அவள் எப்படிப் போராடினாள் தெரியுமா என்று ஆரம்பிக்க இருந்தேன். அடக்கிக்கொண்டு, "ஏன்?" என்று கேட்டேன்.

அவள் பயப்படவில்லை. நன்றாகப் படித்திருக்கிறாள். பரீட்சை மதுரையில், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில். அவள் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன், ஞாயிற்றுக்கிழமையும் வேலை, லீவு கிடைக்காது. அப்பா லாரியில் வடக்கே லோடு கொண்டுபோயிருக்கிறார். போன தடவை தனியாகப் போய், சென்டர் தெரியாமல் அலைந்து, பதற்றத்தில்தான் எழுதியதே கெட்டது. இந்தத் தடவை தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். விஷயம் அவ்வளவுதான்.

"நான் வாரேன் ஒங்கூட" என்றேன். சொன்ன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்ன நாள் என்று உறைத்தது. அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்காமலே நின்றிருக்கிறாள்.

நேற்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். விழாவுக்கு வர முடியாது என்றேன். பேச வேண்டிய ஆள் நீங்கள்தானே, என்ன இப்படிச் சொல்கிறீர்கள் என்றார். காரணத்தைச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க" என்றார். "படம் அங்கனயேதான் தொங்கும், எப்ப வேணும்னாலும் பாக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை மறுநா இருக்காதுல்ல." பிறகு, "நானே பேசிக்கிடுறேன். உங்க சிநேகிதி மேடையில வச்சு என்னையக் கேட்டாளே, அதையும் சேத்துச் சொல்றேன். என்னைய விட அதை யாரு நல்லாச் சொல்ல முடியும்?"

நீ ஒருநாள் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. மூன்று முறையும் பரீட்சைக்குத் தனியாகத்தான் போனாய். முடித்து வெளியே வந்தால் கேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் யாராவது நிற்பார்களாம். "நான் நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருவேன், யாரையும் தேடுற மாதிரி இருக்கக் கூடாதுல்ல" என்றாய். அந்தப் பரீட்சை நாட்களில் எனக்குக் கைக்குழந்தை. என்னால் வந்திருக்க முடியாது என்று உனக்கும் தெரியும், நீ குறையாகவும் சொல்லவில்லை. ஆனாலும் அது எனக்குள் அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மண்டபத்தில் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில், நான் மதுரையில் ஏதோ ஒரு கல்லூரி வாசலில், மரத்தடியில், மாரீஸ்வரியின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மணி அடித்ததும் எழுந்து, கூட்டத்தில் அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் போய் நிற்பேன். எப்படி எழுதினாய் என்று கேட்க மாட்டேன். பசிக்கிறதா என்று கேட்பேன்.